ஜன்னலோரத்து நாற்காலி

ஜன்னலக்காவுக்குக் கை நடுக்கமாம். ரொட்டிக் கடைக்காரம்மாவிடம் அவருடைய நாத்தனார் சொன்னாராம். நாத்தனாரிடம் சொன்னது மாடிவீட்டுப் பெண்ணாம். அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது மருந்துக் கடையில், இருமல் மருந்துக்கு வரிசையில் நின்றபோதாம். இத்தனை வாய் மாறி வந்தும் சேதி கொஞ்சமும் இளைக்கவில்லை. வழியெல்லாம் நன்றாகத் தின்று கொழுத்துத்தான் ஜன்னலக்கா வேலை பார்த்த முடிதிருத்தும் கடைக்கே வந்து சேர்ந்தது.

“சும்மா நடுக்கம்னு நெனைக்காதீங்க சுவரக்கா,” என்றார் ரொட்டிக் கடைக்காரம்மா. அவர் தலை பின்னால் சாய்ந்து கழுவும் தொட்டிக்குள் கிடந்தது, நெற்றியெல்லாம் நுரை. அந்த நிலையிலும் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. “கரண்டிகூடப் பிடிக்க முடியலையாம். தங்கச்சிக்கு ஆபரேஷன், கூட இருக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்களே, அதெல்லாம் ஊருக்குச் சொன்னது. வைத்தியத்துக்குத்தான் போயிருக்காங்க. மருந்துக் கடையில சொல்றாங்கன்னா பொய்யாவா இருக்கும்?”

மருந்துக் கடையிலிருந்து கிளம்பும் வதந்திக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. யாருக்கு என்ன கோளாறு என்பது அங்கே தெரியாமல் வேறெங்கே தெரியும்? அதிலும் சில நாள் முன்னால் முடிவெட்டும்போது ஜன்னலக்காவின் கத்திரி பட்டது அந்த மருந்துக் கடைக்காரம்மாவின் காதில்தான். காதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால், வாங்க வருகிறவர்களெல்லாம் கேட்கத்தானே செய்வார்கள்.

சுவரக்கா குழாயைத் திறந்து நுரையை அலசினாள். “அய்யோ, அதெல்லாம் இல்லம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள். அதோடு ஒரு பெருமூச்சும் விட்டாள்.

அந்தப் பெருமூச்சுதான் வினை. வெறுமனே தெரியாது என்று சொன்னால் அது தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பெருமூச்சும் விட்டால், தெரியும், வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை என்று அர்த்தம். ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு அதைக்கூடப் படிக்கத் தெரியாதா என்ன? நுரைக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “பாவம்,” என்று மூடிக்கொண்டார்.

கடையில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். ஒன்று தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டி. இன்னொன்று உள்ளே, சுவரோடு. ஜன்னல் நாற்காலியில் வேலை செய்கிறவளைத் தெருவே பார்க்கும். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, நேரே அவளிடம்தான் வருவார்கள். அங்கே இடம் இல்லாமல் வழிந்தது சுவர் நாற்காலிக்கு வரும். உட்காரவே மாட்டேன் என்று அலறுகிற குழந்தைகளும், “நுனியில லேசா, ரொம்ப லேசா” என்று மூன்று தரம் சொல்லிவிட்டு ஐந்து தரம் கண்ணாடி பார்க்கிற பாட்டிகளும் அதற்கென்றே நேர்ந்துவிடப்பட்டவர்கள். சுவருக்கு மேலே ஒரு குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் கறுப்பும் பழுப்பும் ஒன்று போலவே இருக்கும். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஈரத் தலையோடு ஆளை வாசல்வரைக்கும் நடத்திக்கொண்டு போகவேண்டும்.

நாற்காலியை வைத்தே ஊர் பெயர் வைத்தது. அவர் ஜன்னலக்கா, இவள் சுவரக்கா. மகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த வருஷம் அந்தச் சுவரோரம் வந்து நின்றவள். மகள் இப்போது எட்டாம் வகுப்பு. சுவர் அப்படியே இருந்தது. அவளும் அப்படியே இருந்தாள், இடுப்பு வலி மட்டும் வளர்ந்திருந்தது.

இப்போது கத்திரி பட்ட கதையைச் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் அது அவளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

கூட்டம் நெரிந்த ஒரு சாயங்காலம் அது. ஜன்னல் நாற்காலியில் மருந்துக் கடைக்காரம்மா. காதோரம் வளைத்து வெட்டிக்கொண்டிருந்தார் ஜன்னலக்கா. முடி உலர்த்தும் இயந்திரத்தைச் செருகுவதற்கு இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரே ஓர் இடம்தான். சுவரக்கா அவசரமாகக் குனிந்து, ஒயரை இழுத்து, காலை ஊன்றினாள். ஊன்றிய இடம் தரையல்ல, ஜன்னல் நாற்காலியின் பெடல். முழுசாக மிதித்தால் நாற்காலி இறங்கும். ‘புஸ்’ என்று இறங்கியது. கத்திரி இருந்த இடத்தில் இருந்தது. காதுதான் கீழே வந்து அதில் பட்டது.

மருந்துக் கடைக்காரம்மா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள்கூட நின்றார்கள். ஜன்னலக்கா குனிந்து பார்த்தார். பெடலின் மேல் இன்னும் சுவரக்காவின் கால் இருந்தது. இருவர் கண்களும் ஒரு நொடி சந்தித்தன. உள்ளறையிலிருந்து முதலாளியம்மா ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார் ஜன்னலக்கா, பஞ்சை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டே. “என் கை தவறிடுச்சு.”

காரணம் இருந்தது. அந்த வாரம்தான் சுவரக்கா ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் சாயத்தைச் சொட்டவிட்டு, முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். “இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடு,” என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கடை அடைத்தபின், துண்டுகள் காயும் உள்ளறையில் வைத்து, “அக்கா…” என்று ஆரம்பித்தவளை ஜன்னலக்கா முடிக்கவிடவில்லை.

“விடுடி. எனக்கு இத்தனை வருஷத்துப் பேரு இருக்கு. ஒரு காதைத் தாங்கும். உனக்குத் தாங்காது.”

மறு வாரம் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. ஒரு மாதம் விடுப்பு சொல்லிவிட்டு ஜன்னலக்கா வேறூருக்குக் கிளம்பினார். போகும்போது, “கேக்கறவங்ககிட்ட சொல்லிடுடி, மாசம் பொறந்ததும் வந்துடுவேன்னு. வேற கடைக்குப் போயிடப் போறாங்க,” என்று சொன்னது இவளிடம்தான்.

அவள் சொல்லவும் செய்தாள், முதல் இரண்டு மூன்று நாள். பிறகு ரொட்டிக் கடைக்காரம்மா வந்தார். பெருமூச்சு வந்தது.

கண்ணாடிக்கு முன்னால் செய்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு. முடிவெட்டுகிறவள் யாரிடமும் முகத்துக்கு நேரே பேசவேண்டியதில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணாடிக்குள் இருக்கிற முகத்தோடு பேசலாம். நேருக்கு நேர் சொல்லமுடியாததையெல்லாம் கண்ணாடியிடம் சொல்லிவிடலாம். சொல்லாமலும் விட்டுவிடலாம். “ஜன்னலக்கா இனிமே வரமாட்டாங்களாமே?” என்று கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முகம் கேட்கும். சுவரக்கா சீப்பை ஒருமுறை தட்டுவாள். “பாக்கலாம்மா,” என்பாள். தலையை இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்வாள். அவ்வளவுதான். ஒரு பொய்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் அதைத் திரும்பத் திரும்பத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் நாற்காலி காலியாகக் கிடந்தால் கடை சாத்தியதுபோல் தெரிகிறது என்று முதலாளியம்மா அவளை அங்கே மாறச் சொன்னார். “அவ வர்ற வரைக்கும்,” என்றுதான் சொன்னார். முதல்நாள் காலை வெளிச்சம் தோளில் வந்து விழுந்தபோது சுவரக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சூரியன் இத்தனை வருஷமும் இவ்வளவு பக்கத்திலா இருந்தது? சாயத்தின் நிறம் நின்ற இடத்திலேயே தெரிந்தது. முதுகை வளைக்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் போன ஒரு பெண் நின்று, பார்த்து, உள்ளே வந்து, “உங்ககிட்டயே வெட்டிக்கறேன்,” என்றாள். தன் கை அவ்வளவு மோசமில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. அதுவும் உண்மைதான். உண்மைகளுக்கு அந்த நாட்களில் பஞ்சமே இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

வீட்டில் அவள் கணவன், பள்ளி வேன் ஓட்டுகிறவன், சேதி கேட்டுத் துள்ளினான்.

“அப்படிப் போடு! இத்தனை வருஷம் சுவத்தைப் பாத்து நின்னதுக்கு இப்பவாவது கண்ணு தெறந்துச்சே சாமிக்கு.”

“அக்கா வந்துடுவாங்க.”

“வரட்டும். வந்தா பாத்துக்கலாம். நீயா அவங்களைப் போகச் சொன்னே?”

“இல்ல.”

“நீயா புரளி கெளப்பினே?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு மொகத்தை உம்முன்னு வச்சிருக்கே? காத்துள்ளபோதே தூத்திக்கோடி. காத்து நின்னப்புறம் மொறத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே, விசிறிக்குவியா?”

பெடல் கதையை அவள் அவனிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் அப்படிப் பேசியிருக்கமாட்டான். அதனால்தான் சொல்லவில்லை.

ஜன்னலக்கா நடுவில் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார். தங்கைக்குத் தையல் பிரித்தாயிற்று, எழுந்து நடக்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “கடையில யாராச்சும் என்னைக் கேட்டாங்களாடி?” என்றார்.

“எல்லாரும் கேக்கறாங்கக்கா. தெனமும் கேக்கறாங்க.”

“அடி என் ராசாத்தி,” என்று சிரித்தார் அந்தப் பக்கம். “அது போதும் எனக்கு.”

போனை வைத்தபின் அவள் கொஞ்ச நேரம் கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள், கல்லூரிப் பெண்ணொருத்தி உள்ளே வந்து, “ஜன்னலக்கா, எனக்கு முன்முடியைக் கொஞ்சம் கட் பண்ணணும்,” என்றாள், இவளைப் பார்த்து. “உக்காரும்மா,” என்றாள் இவள். பெயரும் கை மாறிவிட்டது என்பது கழுத்தில் துணியைச் சுற்றும்போதுதான் உறைத்தது. திருத்தியிருக்கலாம். அந்தப் பெண் அதற்குள் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் முதலாளியம்மா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். முதலாளியம்மா கெட்டவர் இல்லை; கடையைக் காப்பாற்றத் தெரிந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. அவகிட்ட தலையைக் குடுக்கப் பயமா இருக்குன்னு ரெண்டு பேரு நேராவே சொல்லிட்டாங்க. நான் கூடமாட நிக்கறதில்ல. நீதான் பக்கத்துலயே நின்னவ. உள்ளதைச் சொல்லு. அவ கை நடுங்குதா, இல்லையா?”

இதைவிட நேரான கேள்வியை யாராலும் கேட்கமுடியாது. இங்கே கண்ணாடியும் இல்லை. ஈரத் துண்டுகளின் வாடை, முதலாளியம்மாவின் இரண்டு கண்கள், அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால், பின்னே காதில் எப்படிப் பட்டது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். ஜன்னல் போகும்; சுவரும் போகும்.

“வயசாகுதில்லம்மா…” என்றாள் சுவரக்கா. வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளுடைய வாக்கியங்களை முடித்து வைக்க இப்போதெல்லாம் மற்றவர்கள் இருந்தார்கள்.

முதலாளியம்மா தலையை ஆட்டினார். அன்று மாலையே ஜன்னலக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இனி ஓய்வெடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்ற வார்த்தை மட்டும் வெளியே கேட்டது.

இதெல்லாம் நடந்த பிறகும் அவள் வீட்டுக்குப் போனாள், சமைத்தாள், சாப்பிட்டாள். மனுஷ வயிறு அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கில ஆசிரியை ஒரு பழமொழி கொடுத்து, அதற்கு வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் எழுதிவரச் சொல்லியிருந்தாராம்.

“என்ன பழமொழி?” என்றான் வேன்காரன்.

“வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவச்சுக்கணும்னு வருதுப்பா. மாட்டுக்குப் போடற காஞ்ச புல்லு. மழை வந்துட்டா நனைஞ்சுடும்ல, அதனால.”

“அட, இது நம்ம பழமொழிதான்! நமக்குக் காத்து, அவங்களுக்கு வெயிலு. எந்த பாஷையா இருந்தா என்ன, வயிறு ஒண்ணுதானே.”

“நான் எழுதிட்டேனே உதாரணம். படிக்கவா?” மகள் எழுந்து நின்றுகொண்டாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பதும், அம்மாவுக்காக அதைத் தமிழில் சொல்வதுமாகப் போனது. “எங்க அம்மா ரொம்ப வருஷமா சுவர் பக்கத்துல வேலை செஞ்சாங்க. ஜன்னல் பக்கத்துல இருந்தவங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. அம்மா அந்தச் சந்தர்ப்பத்தை விடல. இப்போ ஜன்னல் நாற்காலி எங்க அம்மாவோடது. எனக்கு அம்மாவை நெனைச்சாப் பெருமையா இருக்கு.”

“சபாஷ்!” என்று மேஜையைத் தட்டினான் அவன். “முழு மார்க்குத்தான் போ.”

“அம்மா, நல்லா இருக்கா?”

சுவரக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாயடியில் நின்று, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். பழமொழிகள் அவளுக்கும் தெரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று ஒன்று இருக்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்றும் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால். காற்று யாருடையதும் இல்லை. நெருப்புக்கு மட்டும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார். அதுவும்கூடப் பரவாயில்லை. ஆனால் தீயை வைத்த காலும் தன் கால்தான் என்றால், அதற்கு எந்தப் பாஷையில் பழமொழி இருக்கிறது? மகளின் நோட்டில் அதை எப்படி எழுதுவது?

“நல்லா இருக்கு,” என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

மறுநாள் முற்பகலில் ஜன்னலக்கா கடைக்கே வந்துவிட்டார்.

கத்திரிகளை எடுத்துப்போக வந்தேன் என்றார். கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி அதே நிமிர்ந்த நடை. ஜன்னல் நாற்காலியில் ரொட்டிக் கடைக்காரம்மா, கழுத்தில் துணியோடு. காத்திருக்கும் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர். பேச்சு பட்டென்று நின்றது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் தானாகப் போயிற்று.

ஜன்னலக்காவுக்குப் புரிந்துவிட்டது. முதலாளியம்மா போனில் சொன்ன ‘உன் நல்லது’ எது என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்திருக்கவேண்டும். அவர் நேரே உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் கத்திரிப் பெட்டி இல்லை. ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது, உள்ளே பிளாஸ்கிலிருந்து விளிம்பு தொட ஊற்றிய தேநீரோடு. ஒரு கையால், அடியில் தாங்கலும் இல்லாமல், தம்ளரின் மேல்விளிம்பை மட்டும் விரல்நுனியால் பிடித்துக்கொண்டு, கடையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரைக்கும் நடந்து வந்தார். அவசரப்படவில்லை. ரொட்டிக் கடைக்காரம்மாவின் முன்னால் வந்து நின்று, கையை நீட்டினார்.

“டீ குடிங்கம்மா. சூடா இருக்கு, பாத்து.”

ஒரு துளி சிந்தவில்லை. தேநீரின் மேல்பரப்புகூட அசையவில்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் ஓர் ஆணி அடித்ததுபோல் நின்றது.

ரொட்டிக் கடைக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கின வேகத்தில் அவர்தான் மடியில் கொஞ்சம் சிந்திக்கொண்டார்.

சுவரக்கா சீப்பைப் பிடித்தபடி நின்றாள். அப்போதாவது பேசியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எந்த ஜென்மத்தில் வரும்? சீப்பின் பல்லில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலக்கா மறுபடி உள்ளறைக்குப் போய்த் தன் கத்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலுக்குப் போகிற வழியில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, குனிந்து, சுவரக்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அந்தப் பெடலுக்கு ஒரு தடுப்பு போடச் சொல்லுடி. யாரு காலு பட்டாலும் எறங்கிடும்.”

யார் கால் பட்டாலும். இப்போதும் அவர் ‘உன் கால்’ என்று சொல்லவில்லை. கோபத்தில்கூடச் சொல்லவில்லை. அல்லது அது கோபமே இல்லையோ, அவளுக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. ஜன்னல் வழியாக அவர் தெருவைக் கடப்பது தெரிந்தது. அந்த ஜன்னலிலிருந்து எல்லாமே நன்றாகத் தெரியும்.

ரொட்டிக் கடைக்காரம்மா ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றார் பெஞ்சில் இருந்தவர்களிடம். “பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டு நடந்தாங்க! நடுங்காத கையா இருந்தா இவ்வளவு மெதுவாவா நடப்பாங்க?”

பெஞ்சில் இருந்த இருவரும், ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

சுவரக்கா சீப்பைக் கீழே வைத்தாள். நாற்காலிக்கு முன்னால் சுற்றி வந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ரொட்டிக் கடைக்காரம்மாவின் முகத்துக்கு நேரே நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரரின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், நேராக, அவள் பார்த்ததே இல்லை.

“அவங்க கை நடுங்கலம்மா. அன்னிக்கும் நடுங்கல. நான்தான் பெடலை மிதிச்சேன். நாற்காலி எறங்கிடுச்சு. என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு அக்கா பழியை அவங்க மேல போட்டுக்கிட்டாங்க. எனக்கு எல்லாம் தெரியும். நீங்க மொதநாள் சொன்னப்பவே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்.”

சொல்லி முடித்துவிட்டு, இடி விழப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக் கடைக்காரம்மா தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“என்ன மனசும்மா உனக்கு! அவங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு நீ உன் மேல பழியைப் போட்டுக்கறியே. யாருக்கு வரும் இந்த மனசு?”

“அய்யோ, இல்லம்மா! நெஜமாத்தான் சொல்றேன். என் காலுதான்…”

“சொல்லாதே. எங்களுக்குப் புரியுது. காதுல பட்டப்ப அவங்களே வாய்விட்டுச் சொன்னாங்களே, என் கை தவறிடுச்சுன்னு. மருந்துக் கடைக்காரம்மா பொய்யா சொல்லுவாங்க?” பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “தங்கமான பொண்ணு. இந்த ஜன்னலுக்கு ஏத்தவதான்.”

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுத்துப் பேசப் பேச அவள் இன்னும் நல்லவளாகிக்கொண்டே போனாள். புதைகுழியில் கால் விட்டவள் உதறினால் இன்னும் இறங்குவாளே, அப்படி. நாளைக்குள் இது ரொட்டிக் கடைக்குப் போகும், அங்கிருந்து நாத்தனாருக்குப் போகும், வழியில் தின்று கொழுக்கும்.

முதலாளியம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் அழவில்லை, பாராட்டவில்லை. நேரே வந்து, குனிந்து, பெடலைத் தன் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரம்மா ‘புஸ்’ என்று கீழே போய், “அம்மாடி!” என்றார்.

“உள்ள வா,” என்றார் முதலாளியம்மா இவளிடம்.

உள்ளறையில், தொங்குகிற துண்டுகளுக்கு நடுவில், முதலாளியம்மா அவளை நேராகப் பார்த்தார்.

“நான் நம்பறேன்,” என்றார். “அன்னிக்கு நான் உன்கிட்ட நேராக் கேட்டேன். கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்கம்மா.”

“வயசாகுதில்லன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“உன் பேச்சைக் கேட்டுத்தான் அவளை வரவேணாம்னு சொன்னேன். என் வாயாலேயே சொல்ல வச்சிட்டே.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. “போயிடுவேன்னு பயந்துதானே இவ்வளவும் பண்ணே? போக வேணாம். உன்னை இப்ப அனுப்பினா, பாவம், நல்லவளைத் தொரத்திட்டாங்கன்னு ஊரு என்னைத்தான் திட்டும். அந்த மாதிரி ஆக்கி வச்சிருக்கே. ஆனா அவ திரும்பி வரணும். நான் கூப்பிட்டா வரமாட்டா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கூப்பிடுவேன்? நீ கூப்பிடு. உள்ளதைச் சொல்லு. என் முன்னாடி வேணாம். நீயே சொல்லிக்கோ.”

முதலாளியம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

சுவரக்கா போனை எடுத்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? ‘அக்கா, நான்தான்’ என்றா? நான்தான் என்பதுதானே மொத்தச் சேதியும். ‘எல்லாரும் உங்களைக் கேக்கறாங்க’ என்று அன்றைக்குச் சொன்னபோது அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது. சாயங்காலம் மகளை உட்காரவைத்து அந்த உதாரணத்தை அடித்துவிடச் சொல்லவேண்டும்; ஏன் என்று கேட்பாள்; கேட்டால் சொல்லவேண்டும். அது அப்புறம். முதலில் இது.

எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. இந்நேரம் அவர் பேருந்து நிறுத்தத்தில் இருப்பார், பெட்டி மடியில் இருக்கும். பை ஜிப்பைத் திறந்து, போனை எடுத்து, யார் என்று பார்ப்பார். மணி அடித்தடித்துத் தானாக நின்றது.

மறுபடி அழுத்தினாள்.

வெளியே ரொட்டிக் கடைக்காரம்மாவின் குரல், “பாதியில விட்டுட்டுப் போயிட்டா, ஒரு பக்கம் நீளமா நிக்குது, நான் எப்படித் தெருவுல போவேன்?” என்று கேட்டது. யாரோ சிரித்தார்கள். முதலாளியம்மா ஏதோ சமாதானம் சொன்னார்.

சுவரக்கா போனைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.